வயிற்றுப்போக்குக்கு ஆன்டிபயாடிக்: எப்போது வேண்டும்? எப்போது வேண்டாம்?



உள்கடன் எதற்கெல்லாம் கொடுத்திருக்கிறோம் என்று உங்கள் குழுவின் தீர்மான நோட்டைப் புரட்டிப் பாருங்கள். ஆடு வாங்க, விதை வாங்க, பள்ளிக்கூடச் செலவுக்கு என்று வரிசையாக இருக்கும். நடுநடுவே "மருத்துவச் செலவு" என்று ஒரு வரி வரும். என்ன செலவு என்று விசாரித்தால் பல வீடுகளில் ஒரே கதைதான். "பையனுக்கு வயித்தால போச்சுங்க. மெடிக்கல்ல சொல்லி ரெண்டு செட்டு மாத்திரை வாங்கிக் குடுத்தோம். நிக்கல. அப்புறம் டவுனுக்குக் கூட்டிட்டுப் போயி ஊசி போட்டு குளுக்கோஸ் ஏத்துனோம்."

அந்த செட்டு மாத்திரையில் பல நேரம் ஒரு ஆன்டிபயாடிக் இருக்கும். அந்தப் பையனுக்கு அது தேவைதானா என்று யாரும் பார்ப்பதில்லை. இன்னொரு பக்கம், மலத்தில் ரத்தம் போகிற குழந்தையை "சூடுதான், தானா சரியாயிடும்" என்று மோர் மட்டும் கொடுத்து மூன்று நாள் வீட்டிலேயே வைத்திருப்பவர்களும் நம் ஊர்களில் உண்டு.

வேண்டாத இடத்தில் மருந்து, வேண்டிய இடத்தில் தாமதம். இரண்டுமே ஆபத்துதான். எது எந்த இடம் என்று தெரிந்துகொள்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை. மருந்தின் பெயரையும் அளவையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும், எப்போது வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்வது நாம்தானே!

ஆன்டிபயாடிக் என்றால் என்ன?

நோய் உண்டாக்கும் கிருமிகளில் பல ஜாதி உண்டு. பாக்டீரியா ஒன்று, வைரஸ் ஒன்று, அமீபா போன்றவை இன்னொன்று. ஆன்டிபயாடிக் என்பது பாக்டீரியாவைக் கொல்லும், அல்லது பெருகவிடாமல் தடுக்கும் மருந்து. வைரஸை அது ஒன்றும் செய்யாது. நெல் வயலில் களைக்கொல்லி அடித்தால் எலி சாகுமா? அது மாதிரிதான்.

1928-ல் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் என்ற விஞ்ஞானி பென்சிலினைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு எத்தனையோ ஆன்டிபயாடிக் மருந்துகள் வந்து கோடிக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. ஆகவே ஆன்டிபயாடிக் கெட்ட மருந்து என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அது அருமையான மருந்து. அருமையானது என்பதால்தான் அதை வீணாக்கக் கூடாது என்கிறோம்.

இன்னொரு விஷயம். நம் குடலுக்குள் நமக்கு உதவி செய்யும் நல்ல பாக்டீரியாக்கள் கோடானுகோடி வாழ்கின்றன. ஆன்டிபயாடிக் உள்ளே போனால் கெட்டதை மட்டும் பார்த்துக் கொல்லாது, நல்லதையும் சேர்த்து அடிக்கும். அதனால் சிலருக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டதாலேயே வயிற்றுப்போக்கு வருவதும் உண்டு.

வயிறு ஏன் போகிறது?

வெளியே பார்த்தால் எல்லாம் பேதிதான். ஆனால் உள்ளே நடப்பது வேறு வேறு.

1. தண்ணீராகப் போகும் சாதாரண பேதி. சின்னக் குழந்தைகளுக்கு வருவதில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. ரோட்டா வைரஸ் அதில் முக்கியமானது. இதற்கு ஆன்டிபயாடிக் கொடுத்துப் பயனில்லை. சில நாளில் தானாக நிற்கும். அதுவரை உடம்பில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம்.

2. கெட்டுப்போன சாப்பாட்டால் வருவது. விசேஷ வீட்டில் சாப்பிட்ட சில மணி நேரத்தில் பத்துப் பேருக்கு வாந்தியும் பேதியும் என்று கேள்விப்படுகிறோம் அல்லவா? பல நேரம் கிருமி சாப்பாட்டிலேயே வளர்ந்து விஷத்தைக் கக்கி வைத்திருக்கும். வயிற்றுக்குள் போவது அந்த விஷம். விஷத்தை ஆன்டிபயாடிக் முறிக்காது. இதற்கும் தண்ணீர்ச் சத்துதான் முதலில்.

3. சீதபேதி, ரத்தபேதி. ஷிகெல்லா போன்ற பாக்டீரியா பெருங்குடலின் சுவருக்குள்ளேயே புகுந்து புண்ணாக்கிவிடும். அதனால்தான் ரத்தமும் சீதமும் போகிறது. அடிவயிறு முறுக்கும், காய்ச்சல் அடிக்கும், போனாலும் போகாத மாதிரி முக்கிக்கொண்டே இருக்கும். 1897-ல் ஜப்பானில் கியோஷி ஷிகா என்ற டாக்டர் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். அவர் பெயரைத்தான் கிருமிக்கு வைத்தார்கள். இதற்கு ஆன்டிபயாடிக் வேண்டும்.

4. காலரா. நம் பெரியவர்கள் "வாந்திபேதி" என்று பயந்து சொன்னது இதைத்தான். அரிசி கழுவின தண்ணீர் மாதிரி மலம் கொட்டும். இந்தக் கிருமி குடலைக் குத்திக் கிழிப்பதில்லை. அது விடும் நச்சுதான் குடலை உடம்புத் தண்ணீர் முழுவதையும் கொட்ட வைக்கிறது. கல்கத்தாவில் சம்புநாத் டே என்ற நம் நாட்டு விஞ்ஞானி 1959-ல் இதை நிரூபித்தார். காலரா பழைய காலத்து நோய் என்று நினைக்க வேண்டாம். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, பொது சுகாதார அவசரநிலையே அறிவிக்க வேண்டி வந்தது.

5. டைபாய்டு. இது குடல் வழியாக நுழைந்து ரத்தத்தில் கலக்கும் காய்ச்சல். பேதி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், மலச்சிக்கலாகவும் இருக்கலாம். நாளுக்கு நாள் ஏறும் காய்ச்சல், தலைவலி, வயிற்றுவலி, பசியின்மைதான் அடையாளம். இதற்கும் ஆன்டிபயாடிக் கட்டாயம்.

முதல் மருந்து தண்ணீரும் உப்பும் சர்க்கரையும்

எந்த வகைப் பேதியாக இருந்தாலும் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் உடம்பில் தண்ணீரும் உப்பும் வற்றிப்போவதுதான். இதைப் புரிந்துகொள்ள ஒரு உண்மைச் சம்பவம்.

1971-ல் வங்காளதேசப் போர் நடந்தபோது லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். முகாம்களில் காலரா புகுந்தது. பங்கான் என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் தரையெல்லாம் நோயாளிகள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் ஒரு முடிவெடுத்தார். குளுக்கோஸ், சமையல் உப்பு, சோடா உப்பு மூன்றையும் அளந்து தண்ணீரில் கரைத்து டிரம்களில் நிரப்பி வைத்தார். நோயாளிகளின் சொந்தக்காரர்களே குவளையில் பிடித்துக் குடிக்கக் கொடுத்தார்கள். அதற்கு முன் 100 பேரில் 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில், சாவு 4 பேருக்கும் கீழே இறங்கியது. 2022-ல் அவர் காலமானார். 2023-ல் அரசு அவருக்கு பத்மவிபூஷண் விருது அறிவித்தது.

பாருங்கள், பெரிய படிப்புப் படிக்காத அம்மாக்களும் அக்காமார்களும் கையில் குவளையைப் பிடித்துக் காப்பாற்றிய உயிர்கள் அவை. அந்தக் கரைசலின் திருத்திய வடிவம்தான் இன்று நாம் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்.

கரைக்கும் முறை:

* கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.
* பாக்கெட்டில் "1 லிட்டர்" என்று இருந்தால் கொதிக்க வைத்து ஆறின தண்ணீர் 1 லிட்டரில் முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையாகக் கொட்டிக் கரைக்க வேண்டும். 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் உண்டு. எது என்று பார்த்துக் கரையுங்கள்.
* கொஞ்சம் கொஞ்சமாகத் தூளை எடுத்து டம்ளரில் கலக்கக் கூடாது. அளவு மாறிவிடும். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து.
* கரைத்ததை மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.
* ஒவ்வொரு முறை தண்ணீராகப் போன பிறகும், 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, 2 முதல் 10 வயது வரை 100 முதல் 200 மில்லி. பெரியவர்கள் குடிக்கிற அளவு குடிக்கலாம்.
* வாந்தி எடுத்தால் நிறுத்திவிடாதீர்கள். 10 நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாக மெதுவாகக் கொடுங்கள்.

பாக்கெட் கிடைக்காத நேரத்தில் 1 லிட்டர் தண்ணீருக்கு தலை தட்டின 6 டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டின அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கரைத்துக் கொடுக்கலாம். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, மோர், இளநீர் இவையும் கூடவே கொடுக்கலாம்.

கடைகளில் அட்டைப் பெட்டியில் பழச்சாறு மாதிரி விற்கும் இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். அல்ல. சர்க்கரை அதிகமான பானம் பேதியைக் கூட்டிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் தயாரிக்காத பானங்களின் மேல் "ஓ.ஆர்.எஸ்." என்ற பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. வாங்கும்போது கவனமாக இருங்கள்.

ஓ.ஆர்.எஸ்.ஸோடு குழந்தைகளுக்கு ஜிங்க் எனப்படும் துத்தநாக மாத்திரையும் கொடுக்க வேண்டும். 6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு தினம் 20 மில்லிகிராம், 2 முதல் 6 மாதம் வரை 10 மில்லிகிராம், 14 நாளைக்கு. சின்னக் குழந்தைக்குத் தாய்ப்பாலில் கரைத்துக் கொடுக்கலாம். பேதி நின்றுவிட்டாலும் 14 நாள் முடியும் வரை கொடுங்கள். அடுத்த சில மாதங்களில் மறுபடி பேதி வருவதையும் இது குறைக்கும். இரண்டுமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு வாங்குங்கள்.

எப்போது டாக்டரிடம் போயே ஆக வேண்டும்?

கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் மெடிக்கல் ஷாப் வேண்டாம், கை வைத்தியம் வேண்டாம். நேராக ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு மருத்துவமனை.

* மலத்தில் ரத்தம்
* அரிசி கழுவின தண்ணீர் போல விடாமல் கொட்டுவது
* பேதியோடு கடுமையான காய்ச்சல், அல்லது மூன்று நாளுக்கு மேல் விடாத காய்ச்சல்
* குடித்ததெல்லாம் வாந்தியாக வெளியே வருவது, அல்லது குடிக்கவே முடியாமல் போவது
* கண் குழி விழுவது, அழுதால் கண்ணீர் வராதது, 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது
* வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாக இறங்குவது
* குழந்தை துவண்டு மயக்கமாகக் கிடப்பது
* 2 மாதத்துக்கு உட்பட்ட பச்சைக் குழந்தை, எடை குறைந்து மெலிந்த குழந்தை, கர்ப்பிணி, வயதானவர்கள்

போகிற வழியிலும் ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே போங்கள். துவண்டு போயிருந்தால் 108-க்கு போன் போடுங்கள்.

ரத்தபேதியாக இருந்தால் டாக்டர் வயதையும் எடையையும் பார்த்து ஆன்டிபயாடிக் எழுதுவார். சரியான மருந்து என்றால் இரண்டு நாளில் காய்ச்சல் குறைவது, ரத்தம் குறைவது, குழந்தை பால் குடிக்க ஆரம்பிப்பது என்று தேறுதல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அதே மாத்திரையைத் தொடராமல் மறுபடி அவரிடமே போய்ச் சொல்லுங்கள். மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம்.

காலராவுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் பேதி சீக்கிரம் நிற்கும், வெளியேறும் தண்ணீரும் குறையும். ஆனால் அதிலும் உயிரைப் பிடித்து நிறுத்துவது ஓ.ஆர்.எஸ்.ஸும் சலைனும்தான். மாத்திரை அதற்குத் துணை.

டைபாய்டில் நம் ஆட்கள் ஒரு தவறு செய்கிறார்கள். மருந்து ஆரம்பித்த இரண்டாம் நாளே "இன்னும் சுடுதே, இந்த டாக்டர் சரியில்ல" என்று வேறு டாக்டரிடம் போய் வேறு மருந்து வாங்குகிறார்கள். சரியான மருந்து கொடுத்தாலும் டைபாய்டுக் காய்ச்சல் இறங்க நாலைந்து நாள் கூட ஆகும். பொறுமை வேண்டும். அதே சமயம், காய்ச்சல் இறங்கிய அன்றே மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பி வரலாம்.

எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக்கை எப்படிச் சாப்பிடுவது?

1. எத்தனை வேளை, எத்தனை நாள், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அட்டையில் சூரியன், நிலா வரைந்து தரச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

2. சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். வயிறு நின்றுவிட்டது என்று நாமாக நிறுத்தக் கூடாது. நிற்கவில்லை என்று நாமாகக் கூடுதல் நாளும் சாப்பிடக் கூடாது.

3. கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது, முன்பு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது, வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரை, எல்லாவற்றையும் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாத ஆன்டிபயாடிக் உண்டு.

4. மாத்திரை சாப்பிட்ட பிறகு உடம்பில் தடிப்பு, முகம் வீக்கம், மூச்சுத் திணறல் வந்தால் அடுத்த வேளை போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

5. மிச்சம் மீதி மாத்திரையை டப்பாவில் போட்டு வைத்து அடுத்த முறைக்கு எடுப்பது, பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது, கோழிக்கு நோய் வந்தால் பிரித்துப் போடுவது, இவை எல்லாம் கூடாது.

ஆன்டிபயாடிக்கை அடையாளம் காண ஒரு வழி உண்டு. அட்டையின் பின்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. ஆன்டிபயாடிக் தவிர வேறு சில மருந்துகளிலும் இந்தக் கோடு இருக்கும். 2016-ல் மத்திய அரசு இதைப் பற்றிப் பிரச்சாரமே செய்தது. படிக்கத் தெரியாதவர்களுக்கும் இந்தக் கோடு புரியும். செஃபிக்சைம் போன்ற சில வீரியமான ஆன்டிபயாடிக்குகளை விற்கும்போது நோயாளி பெயர், டாக்டர் பெயரைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்ற சட்டம் 2014 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது.

மருந்து ஏன் மழுங்குகிறது?

"ஒரு மாத்திரை சும்மா சாப்பிட்டா என்னங்க ஆயிடப் போகுது?" என்று கேட்பவர்களுக்கு நம் கத்திரித் தோட்டமே பதில் சொல்லும்.

காய்ப்புழுவுக்கு ஒரு மருந்து அடிக்கிறோம். முதல் வருஷம் புழு எல்லாம் விழுகிறது. ஒன்றிரண்டு மட்டும் தாக்குப்பிடிக்கிறது. அது முட்டையிட்டுப் பெருகுகிறது. அந்த வம்சத்துக்கு அந்த மருந்து உறைப்பதில்லை. அடிக்க அடிக்க, தாக்குப்பிடிக்கிற புழுதான் மிஞ்சுகிறது. கடைசியில் மருந்து தண்ணீர் மாதிரி ஆகிறது, செலவு மட்டும் ஏறுகிறது. குடலில் உள்ள பாக்டீரியாவுக்கும் இதே கணக்குத்தான். அதோடு இன்னொரு வித்தை: ஒரு பாக்டீரியா தான் கற்ற தந்திரத்தை வேறு ஜாதிப் பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும். இதைத்தான் மருந்து எதிர்ப்புத் திறன் என்கிறார்கள். 1945-ல் நோபல் பரிசு பெற்றபோது பேசிய உரையிலேயே ஃப்ளெமிங் இதைப் பற்றி எச்சரித்தார்.

டைபாய்டு கதையைக் கேளுங்கள். 1948-ல் குளோராம்பெனிகால் என்ற மருந்து வந்து டைபாய்டை அடக்கியது. 1972-ல் நமக்குப் பக்கத்தில் கேரளாவின் கோழிக்கோட்டில் அந்த மருந்துக்கு அடங்காத டைபாய்டு பரவியது. பிறகு சிப்ரோஃப்ளாக்சசின் வந்தது. இந்தியாவில் அதுவும் இப்போது டைபாய்டுக்குப் பெரும்பாலும் கேட்பதில்லை. இன்று அசித்ரோமைசின், செஃப்ட்ரியாக்சோன் போன்றவைதான் கை கொடுக்கின்றன. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016 முதல் பரவிய டைபாய்டுக்கு செஃப்ட்ரியாக்சோனும் கேட்கவில்லை. வாயில் போடும் மருந்துகளில் அசித்ரோமைசின்தான் அங்கே மிச்சம்.

சளிக்கும் பேதிக்கும் அந்த அசித்ரோமைசினையே இன்று நம் ஊரில் மிட்டாய் மாதிரி வாங்கிச் சாப்பிட்டால், நாளைக்கு நம் பிள்ளைக்கு நிஜமாகவே டைபாய்டு வரும்போது டாக்டர் எதை எழுதுவார்? இந்த மருந்து நம் குழுச் சேமிப்பு மாதிரி. எல்லோரும் சேர்ந்து பாதுகாத்தால்தான் அவசரத்துக்கு ஒருவருக்காவது கிடைக்கும். ஆளாளுக்கு எடுத்துக் காலி செய்தால் தேவைப்படும்போது பெட்டி காலியாகத்தான் இருக்கும்.

சகோதரிகள் கேட்கும் கேள்விகள்

"பல்லு மொளைக்குது, அதான் போகுதுன்னு மாமியார் சொல்றாங்க. மருந்து வேணுமா?"
பல் முளைக்கும் வயதில் குழந்தை கண்டதை எடுத்து வாயில் வைக்கும். அதில் கிருமி போகிறது. பேதிக்குக் காரணம் பல் இல்லை. ஓ.ஆர்.எஸ்., ஜிங்க் கொடுங்கள். மேலே சொன்ன ஆபத்து அறிகுறி இருக்கிறதா என்று பாருங்கள்.

"வயித்தால போகும்போது சாப்பாடு குடுக்கலாமா?"
கொடுக்க வேண்டும். பட்டினி போட்டால் குழந்தை இன்னும் மெலியும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. குழைந்த சாதம், தயிர் சாதம், இட்லி, பருப்புக் கஞ்சி, வாழைப்பழம் என்று கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். தேறிய பிறகு இரண்டு வாரத்துக்கு தினம் ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள்.

"உடனே நிக்கிற மாத்திரை இருக்காமே?"
குடலின் ஓட்டத்தைக் கட்டிப்போடும் மாத்திரை இருக்கிறது. அது கிருமியைக் கொல்வதில்லை. குழந்தைகளுக்கு அதைக் கொடுக்கவே கூடாது. ரத்தபேதியில் பெரியவர்களுக்கும் ஆபத்து.

"ரத்தம் போனா மெட்ரோனிடசோல் வாங்கிக் குடுத்தாப் போதும்னு சொல்றாங்களே?"
அது முக்கியமாக அமீபாவுக்கான மருந்து. குழந்தைகளின் ரத்தபேதிக்குப் பெரும்பாலும் ஷிகெல்லா போன்ற பாக்டீரியாதான் காரணம், அதற்கு இது கேட்காது. இன்னொரு எச்சரிக்கை: இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை விட்டு விட்டு வீறிட்டு அழுது, வாந்தி எடுத்து, ரத்தமும் சளியுமாகப் போனால், குடலுக்குள் குடல் செருகிக்கொண்டதாகவும் இருக்கலாம். அதற்கு எந்த ஆன்டிபயாடிக்கும் மருந்தல்ல. ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"டாக்டர் ஊசி போடலைன்னா மனசுக்குத் திருப்தியா இல்லைங்க."
ஓ.ஆர்.எஸ். மட்டும் கொடுத்து அனுப்பும் டாக்டர் நம்மை ஏமாற்றவில்லை, நம் பணத்தையும் பிள்ளையையும் காப்பாற்றுகிறார். "ஊசி போடுங்க, குளுக்கோஸ் ஏத்துங்க" என்று நாம் வற்புறுத்தக் கூடாது. "இந்தப் பேதிக்கு ஆன்டிபயாடிக் தேவைதானா டாக்டர்?" என்று கேட்கலாம். கேட்பது நம் உரிமை.

வருமுன் காப்பது

தேவையில்லாத மருந்தைக் குறைக்க நல்ல வழி நோயையே குறைப்பதுதான். கக்கூஸ் போன பிறகும், குழந்தைக்குக் கால் கழுவி விட்ட பிறகும், சமைப்பதற்கும் ஊட்டுவதற்கும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குழந்தை மலம்தானே என்று வாசலில் வீசக் கூடாது, அதிலும் கிருமி உண்டு. குடிதண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து, ஆறவைத்து, மூடி வையுங்கள். குடத்துக்குள் கையை விடாமல் நீண்ட கைப்பிடி உள்ள அகப்பையால் மொண்டு எடுங்கள். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். ரோட்டா வைரஸுக்கு சொட்டு மருந்து தமிழ்நாட்டில் 2017 முதல் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இருக்கிறது. 6, 10, 14-வது வாரங்களில் தவறாமல் போட்டுவிடுங்கள்.

நம் குழு என்ன செய்யலாம்?

* ஊக்குநரும் பிரதிநிதியும் கிராம சுகாதார செவிலியரிடம் பேசி, ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் ஜிங்க் மாத்திரையும் குழுவில் ஒருவர் வீட்டில் எப்போதும் இருக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். காலாவதி தேதியை மாதம் ஒருமுறை பாருங்கள்.
* அடுத்த கூட்டத்தில் செவிலியரை அழைத்து, 1 லிட்டர் அளந்து கரைத்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுச் சொம்பில் எத்தனை சொம்பு 1 லிட்டர் என்று எல்லோரும் அளந்து தெரிந்துகொள்ளுங்கள்.
* மருத்துவத்துக்கு உள்கடன் கேட்டு ஒரு சகோதரி வந்தால் கடனைத் தாமதிக்க வேண்டாம். கூடவே "ரத்தம் போகுதா? ஒண்ணுக்குப் போனானா? ஓ.ஆர்.எஸ். குடுத்தியா?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். ஆபத்து அறிகுறி இருந்தால் குழுவில் ஒருவர் துணைக்குப் போங்கள்.
* மேல்நிலைத் தொட்டி எப்போது கழுவினார்கள், குளோரின் போடுகிறார்களா, குழாய் சாக்கடைக்குள் உடைந்து கிடக்கிறதா என்று கிராம சபையில் கேளுங்கள். 2022 முதல் வருஷத்துக்கு 6 கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலக தண்ணீர் தினம், தண்ணீரைப் பற்றிக் கேட்க அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.
* ஒரே தெருவில் ஒரே சமயத்தில் நாலைந்து பேருக்கு வாந்தி பேதி என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றே தகவல் சொல்லுங்கள். 104 எண்ணிலும் சொல்லலாம். ஒவ்வொரு வீடும் தனித்தனியாக மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தால், கெட்ட தண்ணீர் எல்லார் வீட்டுக்கும் வந்துகொண்டேதான் இருக்கும்.

நினைவில் வைப்போம்

தண்ணீராகப் போனால் ஓ.ஆர்.எஸ்., ஜிங்க். ரத்தமாகப் போனால் டாக்டர். விடாத காய்ச்சல் என்றாலும் டாக்டர். ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தால் சொன்ன அளவு, சொன்ன நாள். சீட்டு இல்லாமல் சிவப்புக் கோடு மாத்திரை வேண்டவே வேண்டாம்.

இந்தப் பக்கத்தைக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். படித்த பிறகு உங்கள் குழு எடுத்த முடிவைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது எங்களிடமும் சொல்லுங்கள்.